கமிஷன் இருநூறு

சூரசம்ஹாரத்துக்கு ஒரு வாரம் முந்தியே
நாங்கள் வீட்டை ஒழித்துத் தர வேண்டும்.

நாராயணவடிவு கெட்டவளில்லை.
வாடகை பிந்தினால் பத்து நாள் பொறுப்பாள்.
ஐப்பசி பிறந்தால் மட்டும் படியேறி வந்து
செருப்பைக் கழற்றாமல் நின்றபடி சொல்வாள்:
"எட்டு நாளு தானய்யா.
நாளைக்கு மூவாயிரம் தாரான்.
நீரு மாசம் பூராத் தாரது
எனக்கு ரெண்டே நாள்ல வந்துருதுல்லா."

லாட்ஜில் கணக்கு எழுதுகிறவன் நான்.
கூட்டிப் பார்த்தேன்.
அவள் கணக்கில் பிழையில்லை.

பீரோவைப் பூட்டி சாவியை எடுத்துக்கொள்ளலாம்,
அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்
என்பது பேச்சு.
பொன்னுத்தங்கம் இரண்டு பையோடு
லாட்ஜின் மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டாள்.
விரிப்பு அடுக்கும் அறை, ஜன்னல் கிடையாது.
விடிய நாலு மணிக்குத் துவைக்கப் போகிறவளுக்கு
அது ஒருவகையில் பக்கம்தான்.
எண்பத்தாறு தலையணை மேல் ஏறிக் குதித்து
சுபிக்ஷா மட்டும் ஊருக்கு வந்தவள் மாதிரி இருந்தாள்.

தேரிக்காட்டோரம் அரசாங்கம் கட்டிய அடுக்கு வீடு
இருக்கிறதாம், குறைந்த விலைக்கு.
மனு என் பேரேட்டுக்குள்தான் கிடக்கிறது.
அந்தப் பக்கம் கடைசி பஸ் ஒன்பது நாற்பது.
நான் கவுண்டர் பூட்ட பன்னிரண்டு ஆகும்.
"பைக் வாங்குமே" என்கிறார் மேனேஜர்,
என் சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

ஐந்தாம் நாள் ராத்திரி
கடற்கரை மணலிலும் கால் வைக்க இடமில்லை.
லாட்ஜில் அறை தீர்ந்தால்
வீட்டு ரூமுக்கு ஆளனுப்புவது வழக்கம்.
அனுப்புகிறவனுக்கு வீட்டுக்காரர் தருவது இருநூறு.
தாராபுரத்திலிருந்து ஆறு பேர், எல்லாரும் பச்சை உடுத்தி,
ஒரு கைக்குழந்தை வேறு.
போனில் எல்லாரும் நிறைஞ்சாச்சு என்றார்கள்.
அன்று காலை காலியான
நாராயணவடிவு வீட்டு மாடியைத் தவிர.

"தண்ணி வருங்ளா?"
வரும். குழாயைக் கொஞ்சம் அமுக்கித் திருகணும்.
"கொசு?"
மேற்கு ஜன்னலை மட்டும் சாத்திருங்க.
ஃபேன் மூணுல வச்சா அடிச்சுக்கும்,
ரெண்டுல விடுங்க, போதும்.
அடுப்படி லைட்டுக்கு சுவிட்சு வெளிய இருக்கு.

"சொந்த வீடாட்டம் சொல்றீங்ளே" என்று சிரித்தார்.
நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மாடியில் பொன்னுத்தங்கம் தூங்கவில்லை.
யாருக்குக் கொடுத்தீரு, எத்தனை பேரு,
எதுவும் கேட்கவில்லை.
"கைப்புள்ள உண்டுமா?" என்றாள்.
உண்டு.
"உத்தரத்துல தொட்டில் கொக்கி கெடக்கு, சொன்னீரா?"
சொல்லவில்லை.
"போன் போடும்."

மணி பதினொன்றே கால்.
பதிவேட்டில் நம்பர் தேடி எடுத்துச் சொன்னேன்.
அந்தப் பக்கம் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.
போனை வைக்காமல் போய்விட்டார்கள்.
சேலை முடிகிற சலசலப்பு கேட்டது,
பிறகு ஒன்றுமில்லை.
கொஞ்ச நேரம் நானும் வைக்கவில்லை.

மனுவுக்குக் கடைசி நாள் மறுநாளே.
பெயர், தகப்பனார் பெயர், வருமானம் எழுதினேன்.
'தற்போது வசிக்கும் முகவரி' என்ற இடத்தில்
பேனா நின்றுவிட்டது.
தலையணை அறைக்குக் கதவு எண் கிடையாது.

எட்டாம் நாள் திரும்பினோம்.
அறையெல்லாம் வேறு ஆள் எண்ணெய் வாசம்.
கொக்கியில் அவிழ்க்க வராமல் வெட்டிவிட்ட
பச்சைச் சேலை முடிச்சு.
ஃபேன் ரெண்டில் இருந்தது.

நாராயணவடிவு படியேறி வந்தாள்.
செருப்போடு நின்றாள்.
"அடுத்த மாசத்துலருந்து ஐநூறு கூட்டித் தந்துரும்.
எல்லாரும் கூட்டிட்டாவ."
சட்டைப்பையில் மடித்த இருநூறு இருந்தது,
அவள் தம்பி கொண்டுவந்து கொடுத்தது.
முன்பணம் என்று அதையே நீட்டினேன்.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து
முடிந்துகொண்டாள்.
"மிச்சம்?" என்றாள்.