கணினியில் நான் வைத்த பல்

எட்டடிக்கு நாலடி,
மழை தாங்குகிற பேனர் நாற்பது வேண்டும் என்று
மெனெஸ் டாகுனோ கடைக்கு வந்தார்.
"பராங்காய் கேப்டனுக்கு நிற்கிறேன், லுமினா.
முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கு.
ரொம்ப வேண்டாம்,
அம்மாவுக்கு அடையாளம் தெரியணும்."
பிறகு சிரித்துக் காட்டினார்.
மேல்வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் இல்லை.
பக்கத்துப் பல்லை நகலெடுத்துத்
திருப்பிப் பொருத்தினேன்.
எழுபது பெசோ கூடுதல் என்றேன்.
கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் சிரிக்காத சுவரில்லை.
சேவல் சண்டைக் களத்து வேலியில்,
படகுத்துறைக் கழிப்பறைக் கதவில்,
ஆணியடித்த தென்னையில்,
தேங்காய் விழுந்தாலும் மாறாத சிரிப்பு.
நேரில் வரும்போது மட்டும்
உதட்டை மூடிக்கொண்டு வந்தார்.

ஏப்ரலில் பாஸ்கெட்பால் போட்டி.
இரண்டு அணிக்கும் சட்டை அவர் செலவு,
அதுவும் என் கடையில், கடனில்.
பச்சைக்கும் முதுகில் டாகுனோ
மஞ்சளுக்கும் முதுகில் டாகுனோ.
மைக் பிடித்தவன் திணறிப்போனான்:
"டாகுனோ டாகுனோவைத் தள்ளிவிட்டார்,
டாகுனோவுக்கு ஃப்ரீ த்ரோ!"
அறுபத்தெட்டுக்கு அறுபத்தைந்தில்
டாகுனோ தோற்றார்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு இலவச மூக்குக்கண்ணாடி.
எல்லாருக்கும் ஒரே பவர்.
போட்டுப் பார்த்தால் டப்பாமேல் இருக்கிற
அவர் மூஞ்சி மட்டும்தான் துலங்குது என்றாள்
மீன் வலை பின்னுகிற சாலிங்.
ஆனாலும் கழற்றவில்லை.

சாவு வீடென்றால் முதல் ஆள்.
இரண்டு பாக்கெட் காப்பித்தூள், ஒரு டின் பிஸ்கட்.
ராத்திரி முழுக்கச் சீட்டாடுகிறவர்களோடு
குந்தியிருந்து தெரிந்தே தோற்பார்.
அந்தக் கலையை யாரிடம் கற்றாரோ.

அண்ணன் அமாதோர் நெஞ்சில் நீர் கோத்துக் கிடந்தபோது
எங்கள் வீட்டுக்கும் வந்தார்.
கையைப் பிடித்துக்கொண்டு
"தைரியமா இரு, அலேஹோ" என்றார்.
அண்ணன் திருத்தவில்லை.
அவர் படியிறங்கும்வரை
இருமலை அடக்கிக்கொண்டு
அலேஹோவாகவே இருந்தான்.

அக்டோபர் கடைசியில் தேர்தல்.
முந்தின ராத்திரி எதிர்க்கட்சிக்காரர் ஆள்
வீட்டுக்கு ஐந்நூறு கொடுத்துப் போனான்.
வாங்கினோம்.
மறைக்க என்ன இருக்கிறது,
அண்ணனுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்றணும்.
யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பதினோரு ஓட்டில் தோற்றார்.

ஒரு வாரத்தில் பேனர்களையெல்லாம்
பன்றிக் கொட்டிலுக்குக் கூரையாய் இழுத்துக் கட்டினார்கள்.
நல்ல பிளாஸ்டிக்,
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

டிசம்பரில், புயல் எச்சரிக்கை இரண்டு ஏறியிருந்த நாளில்
அண்ணன் போனான்.
காற்றுக்குப் பயந்து வராதவர்கள் பாதி,
வந்தவர்கள் பாதி.
இரண்டாம் நாள் ராத்திரி மெனெஸ் வந்தார்,
தொப்பலாய் நனைந்து,
காப்பித்தூள் இல்லை, பிஸ்கட் இல்லை.
எங்கே நிற்பதென்று தெரியாதவர்போல்
வாசலிலேயே கொஞ்ச நேரம்.
பிறகு பெட்டியருகே போய்
"அமாதோர்" என்றார்.
அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை.

கடையில் அவர் கணக்கு
நாலாயிரத்துச் சொச்சம் நிற்கிறது, பல்லோடு சேர்த்து.
நான் கேட்கவில்லை.
அவரும் பேச்செடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சீட்டுக்காரர்களும் சாய்ந்துவிட்டார்கள்.
பின்பக்கம் கோப்பைகள் மோதும் சத்தம்.
போய்ப் பார்த்தால்
கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருக்கிறார்.
என்னைப் பார்த்ததும் கொட்டாவி விட்டார்,
வாயை மூட மறந்து.
அந்த இடைவெளி அங்கேயே இருந்தது.

"அடுத்த எலக்‌ஷனுக்கு
இப்பவே ஆரம்பிச்சிட்டான் பார்"
என்றார் அரைத்தூக்கத்தில் மாமா.
இருக்கலாம் என்றேன்.

ஒரு துணியெடுத்து
அவர் கவிழ்த்து வைத்த கோப்பைகளை
ஒவ்வொன்றாய்த் துடைக்க உட்கார்ந்தேன்.