எட்டுப் புள்ளி நான்கு

பெய்ப்சி ஏரி கல்லாய் உறைந்து கிடக்கிறது.
பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு.
கையுறையைப் பல்லால் கழற்றி
மீட்டரின் முனைகளை வைக்கிறேன்:
எட்டுப் புள்ளி நான்கு.

இரண்டே செல்.
வயிறு முட்டக் குடித்துவிட்டு
என் கோட்டின் உள்பையில் சூடாக வந்த லித்தியம்.
சர்வோக்களோ ஆறுக்கு மேல் தாங்காத பிறவிகள்.
போன மாதம் நேரடியாய்க் கொடுத்துப் பார்த்தேன்;
வால் சர்வோ
ஈ மொய்த்த மாட்டின் காதுபோலத் துடித்து
ஒரு நிமிடத்தில் புகைந்தது.

அதனால் இடையில் இந்த ரெகுலேட்டர்.
தீப்பெட்டியில் பாதி,
முதுகில் அலுமினியச் செதில்கள்.
எட்டு வந்தாலும் ஏழு வந்தாலும்
போவது ஆறு.

"இன்னொரு சாலிடர். உடைய இன்னொரு இடம்,"
என்கிறான் உர்மோ.
அவனுக்கு ஐந்து நிக்கல் செல்,
நடுவில் ஆள் வைக்க மாட்டான்.
மனைவியிடமும் அப்படித்தான் பேசினான்;
அவள் இப்போது தார்த்துவில் இருக்கிறாள்.

அவன் கிளைடர்தான் முதலில் ஏறியது,
ரப்பர் கயிறு உதறிவிட,
துளையிட்டு மீன் பிடிப்பவர்களின்
கூடாரங்களுக்கு மேலே
ஒரு வட்டம். இரண்டாவதில்
நான்கு சர்வோவும் ஒன்றாய் இழுக்க
குளிரில் விறைத்த நிக்கல் கைவிட்டது.
ரிசீவர் கண்மூடித் திறந்த அரை நொடி
போதுமாயிருந்தது.
பால்சா மரம்
பெரிதாய்ச் சத்தம்கூடப் போடவில்லை.

நான் வாய் திறக்கவில்லை.
என் பெட்டிக்கும் மிகுந்ததைக் கழிக்கத்தான் தெரியும்,
குறைந்ததைக் கூட்டத் தெரியாது.
அதைவிட மோசம்:
செல்கள் வற்றிக்கொண்டு வரும்போதும்
ஆறு, ஆறு என்றே சொல்லும்,
கடன் ஏறிய வீட்டில்
விருந்தாளிக்கு மட்டும்
காபி குறையாத மாதிரி.
நம்பிப் பறந்தால் ஒரு கணத்தில் இருட்டு.
ஆகவே இறக்கையின் அடியில் டேப் ஒட்டி
பென்சிலால் நிமிடங்களை எழுதி வைக்கிறேன்.
இருபது ஆனால் இறக்கிவிடுவேன்.

இன்று பதினெட்டிலேயே இறக்கினேன்,
ஏனென்று தெரியாது.
மூடியைத் திறந்ததும்
உடைந்த மூக்கைக் கக்கத்தில் இடுக்கியபடி
உர்மோ வந்து குனிந்தான்.
"தொடலாமா?"

செதில்மேல் கட்டைவிரலை வைத்தான்.
கழித்த இரண்டு சொச்சம் வோல்ட்
எங்கே போகிறது என்று
இதுவரை அவன் கேட்டதில்லை.
இப்போதும் கேட்கவில்லை.
எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்
சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

விரலை எடுக்காமலே நின்றான்.
பிறகு, பக்கத்து விரலையும் வைத்தான்.