நாலு நொடி பிந்தி

முட்டம் துறைமுகத்தின் பின்னால்
ஐஸ் பிளான்டில் எனக்கு இரவுப்பணி.
ஐரோப்பாவை நான் பார்த்ததெல்லாம் அங்கிருந்துதான்.
அதனால் என் ஐரோப்பாவுக்கு
லேசாக அமோனியா வாசம்.

ஒரு கட்டி உறைய ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும்.
கம்ப்ரசர் ஒழுங்காக ஓடும்வரை
செய்வதற்கு ஒன்றுமில்லை.
உப்புநீர்த் தொட்டியின் மரமூடி மேல்
அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து உட்கார்ந்துவிடுவேன்.

அங்கேதான் நார்வேக்காரன் ஒருவன்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
அண்ணனைத் தேடி நடந்தான்.
பனி கொட்டியது, பனி கொட்டியது என்றே
மொழிபெயர்த்தவர் எழுதியிருந்தார்.
எங்களுக்குப் பனியென்றால்
மார்கழியில் தலையில் கட்டிய துண்டு நனைவது,
அதற்குமேல் இல்லை.
எழுந்துபோய்
கிரஷரின் அடியில் சிந்திக் கிடந்த தூளை
ஒரு பிடி அள்ளிவந்து
பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டு படித்தேன்.
இருநூற்றுப் பதினாறாம் பக்கம்
இன்னும் வீங்கித்தான் இருக்கும்.
நாகர்கோவில் நூலகத்தில் அபராதம் கட்டினேன்.

எஸ்தோனியாவில் ஒரு தபால்காரி எனக்குப் பழக்கம்.
மழையில் நனைந்த கடிதங்களை
அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவாள்.
படம் முடியும்வரை ஒன்றையும் பிரித்துப் படிக்கவில்லை.
நானாக இருந்தால் படித்திருப்பேன்.

கிளீட்டஸ் டார்ச்சுடன் அளவுமானி பார்க்க வருவான்.
"இன்னிக்கு எந்த ஊருலல நிக்க?"
"ருமேனியா."
"மீனு உண்டா?"
"ஆத்து மீனுதான்."
"பின்ன எதுக்கு?"
என்று போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை
ஜெனோபாவும் நானும்
ஆளுக்கொரு காதில் ஒரே இயர்போனின் முனைகள்.
போர்ச்சுகல் படம்.
துறைமுகத்து வீடொன்றில் தனியாக ஒருத்தி.
கீழே ஓடும் ஆங்கில எழுத்து
பேச்சுக்கு நாலு நொடி பிந்தியே வந்தது.
சரிசெய்யத் தெரியவில்லை எனக்கு.
ஜெனோபா எழுத்தைப் பார்ப்பதே இல்லை.

அவள் எழுந்துபோய் எதையோ திறந்தாள்.
ஜெனோபா சொன்னாள்: "சன்னலுண்ணு சொல்லுதா."
நாலு நொடி கழித்து எழுத்தும் சொன்னது.
அப்புறம் சட்டைப்பையைத் துழாவினாள்.
"சாவியக் காணல."
அதுவும் சரி.
மேசை, அலமாரி,
குசினியில் தொங்கும் துவாலை.
எங்கள் வீட்டுச் சாமான்களை
ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்
பழக்கமில்லாத ஒரு பெண்.
கரையில் கூடை கூடையாக மீன் இறங்கியதும்
கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.
ஏலம் என்பதை
அவர்கள் மூக்கால் சொல்கிறார்கள்.

"இவளுக்குத் தமிழ் தெரியும்" என்றாள் ஜெனோபா.

அவை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால்
கப்பலில் வந்திறங்கி
திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட சொற்கள் என்று
விளக்க வாயெடுத்தேன்.
சும்மா இரியும், படம் ஓடுது என்று
கையால் அமர்த்தினாள்.

கடலுக்கு அவள் சொன்ன சொல் மட்டும்
ஜெனோபாவுக்குப் பிடிபடவில்லை.
அதைச் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்த்தாள் என்பது
பிடிபட்டது.
இயர்போனைக் கழற்றிவிட்டு
தம்பிக்குப் போன் போட்டாள்.
கொச்சிப் பக்கம் தங்கல் போட்டில் போனவன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.
அது வழக்கம்தான்,
பதினோராம் நாள் அப்படித்தான் இருக்கும்.
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

படம் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள்.
அந்தப் பெண் கதவைப் பூட்டிவிட்டு
மேட்டில் ஏறிப் போனாள்,
எழுத்து இன்னும் முந்தின பேச்சிலேயே நின்றது,
சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மணி எட்டே முக்கால்.
சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டேன்,
"பிளான்ட் சாவி எங்க?"

ஜெனோபா சன்னலருகே நின்றுகொண்டிருந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு.

"மேசை மேல" என்றாள்.