கொதிச்சாறின தண்ணி

அபாட்ஸ்ஃபோர்டில் அக்டோபர்.
ராஸ்பெரிக் கொடிகளை வெட்டியாயிற்று.
கோழிப் பண்ணையிலிருந்து வந்த எரு
தார்ப்பாய் இல்லாமல் குவிந்து கிடக்கிறது.
மேலே மழை.
இனி ஏப்ரல் வரைக்கும் மழைதான்.

நான் போத்தலோடு போகிறவள்.
குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு,
கையுறை மாட்டி, கழுத்துவரை நிரப்பி,
ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடுவேன்.
பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.
மணம் இல்லை. கலங்கல் இல்லை.
குடித்தால், நல்ல தண்ணீர்.

போன கிழமை பதினெட்டு என்று வந்த வீடு
எல்லைக்குக் கிட்ட.
மேல்தளத்தில் பக்‌ஷீஷ் சிங் குடும்பம்.
நிலவறையில் வாடகைக்கு நிரோஜா,
ஏழு வாரக் கைக்குழந்தையோடு.
பத்தைத் தாண்டக் கூடாது என்றேன்.

"நான் சும்மா குடுக்கேல்ல அக்கா.
நல்லாக் கொதிக்க விட்டு,
ஆறின பிறகுதான் பால்மாவைக் கரைக்கிறன்.
இண்டைக்குக் கூட ரெண்டுதரம் கொதிக்க வச்சன்."

ரெண்டுதரம்.
கிருமி என்றால் செத்திருக்கும்.
இது உப்பு. சாவதற்கு உயிரில்லை.
ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்;
மிஞ்சுவது கேத்தலின் அடியில்
இன்னும் இறுகி நிற்கும்.
எந்த ஊருக்குப் போனாலும் நாங்கள் நம்பிய அடுப்பு
இங்கே அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது.

அவள் குழந்தையின் விரலைப் பிரித்து நகம் பார்த்தாள்.
நானும் பார்த்தேன். நீலம் இல்லை.
ஜன்னலடிக்குக் கொண்டுபோய்
இன்னொரு தரம் பார்த்தோம்.

பக்‌ஷீஷ் சிங் கோபப்படவில்லை.
"முப்பது வருடமாய்க் குடிக்கிறேனே" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"யாருடைய எரு?"

உங்களுடையது. பக்கத்துத் தோட்டக்காரருடையது.
பின்வளவு மலக்குழி.
நீங்கள் வாங்குமுன்பே
இந்த மண்ணில் யாரோ அள்ளி வீசிய யூரியா.
பெயர் எழுதிக்கொண்டு எதுவும் இறங்குவதில்லை.
இதை நான் சொல்லவில்லை.
படிவத்தில் கையெழுத்து வாங்கினேன்.

தமிழில் இதற்குத் தழைச்சத்து என்று பெயர்.
தழைக்குப் போகாமல் தப்பிய மிச்சம்
சரளைக்கல்லுக்குள் இறங்கி,
அவசரமில்லாமல், தெற்கே,
எல்லைக் கால்வாய்க்கு அடியால்
கடவுச்சீட்டுக் காட்டாமல் அமெரிக்காவுக்குள் போகிறது.
அங்கேயும் ஒரு கேத்தல் இருக்கும்.

நான் சப்பாத்து மாட்டும்போது
நிரோஜா கேத்தலைத் தூக்கினாள்.
கழுவுதொட்டியில் கவிழ்க்கப் போனவள்
மனம் கேட்காமல் திரும்பி,
ஜன்னலோரத்துக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினாள்.

அப்படியொரு பச்சையை
நான் இந்த நாட்டில் கண்டதில்லை.