நாற்பதுக்கு இருபது

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்:
‘பலகையின் நோக்கம்.’
பேனா அங்கேதான் நின்றது.
நாற்பதுக்கு இருபது அடியில் ஒரு கிரைண்டர் படம்,
பக்கத்தில் கருணாம்பிகை கிரைண்டர்ஸ், கணபதி, போன் நம்பர்.
அதற்கு ஒரு நோக்கம் இருப்பதாக
நான் யோசித்ததே இல்லை.
வியாபாரம்னு போடுங்க்கா, போதும் என்றான்
டவுன்ஹால் வாசலில் படிவம் விற்கும் பையன்.

நாலு நகல். சொத்துவரி ரசீது. மனைக்காரரின் சம்மதம்,
அவர் மருமகன் துபாயிலிருந்து அனுப்பிய இன்னொரு சம்மதம்.
பெருக்கிப் பார்த்தால் எண்ணூறு சதுரடி.
நான் குடியிருக்கும் வீடு அறுநூற்றைம்பது;
அதற்கு இத்தனை பேர் கையெழுத்துக் கேட்கவில்லை.

ஞாயிறு விடிகாலை, சத்தி ரோடு.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை மோட்டார் சுற்றும் சௌடேஸ்வரி கையில்.
சிக்னலுக்கு எத்தனை மீட்டர், பள்ளிக்கூட வாசலுக்கு எத்தனை.
அறுபத்து மூணு என்று அவள் கத்தும்போது
கரும்பு ஏற்றிய லாரி
டேப்பைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போனது.
டீக்கடையில் கயிறு வாங்கி முடிச்சுப் போட்டு
மறுபடி அளந்தோம்.

போக்குவரத்துக் காவலில் கேட்டார்கள்:
வண்டி ஓட்டுறவன் இதை அண்ணாந்து பார்ப்பானா?
பார்க்கோணும்னுதானுங்க போடறோம்.
பார்த்தா இடிச்சுக்குவானே?
அப்படிப் பார்க்க மாட்டானுங்க.
எப்படிப் பார்ப்பான்?
கழுத்தைத் திருப்பாமல்
கண்ணை மட்டும் தூக்கிக் காட்டினேன்.
எஸ்.ஐ. சிரித்துவிட்டார். சிரித்தபடி ஏதோ எழுதினார்.
ஆட்சேபணை இல்லை என்று தாள் வர
இன்னும் ஐந்து வாரம் ஆனது.

உறுதிச் சான்றுக்கு வந்தவர் இஞ்சினியர் தேவசகாயம்.
வேறு ஆளிடம் போயிருந்தால்
உட்கார்ந்த இடத்திலேயே சீல் குத்தித் தந்திருப்பார்.
இவர் குழி தோண்டச் சொன்னார்.
நாலடிக்குக் கரிமண், அதற்குக் கீழே ஓடைக்கல்.
கையை மேற்கே நீட்டி,
பாலக்காட்டுக் கணவாயில் நுழைஞ்சா
தடுக்க ஒரு கரடு கிடையாது, நேரா இங்கதான் என்றார்,
விருந்தாளிக்கு வழி சொல்வதைப் போல.
நொடிக்கு முப்பத்தொன்பது மீட்டர் என்று எழுதினார்.
அப்படியொரு காத்தை நான் பார்த்ததில்லீங்க என்றேன்.
நானும் பார்த்ததில்லை.
பார்க்கிற அன்னைக்கு நிக்கோணுமில்ல?

பிறகு கேட்டார்: விழுந்தா எந்தப் பக்கம் விழும்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நானே அடி வைத்து நடந்து பார்த்தேன்.
முப்பதாவது அடியில் இளநீர் வண்டி.
முப்பத்தெட்டில் பஸ் நிறுத்தம்.
ஐந்தே முக்காலுக்கு எங்கள் பெண்கள்
டிபன் தூக்கோடு நிற்பது அங்கேதான்.

கிரைண்டர் படத்தை எடுத்தோம். பெயரும் நம்பரும் மட்டும்.
இருபதுக்குப் பத்து.
எல்லாத் தாளும் மறுபடி முதலிலிருந்து.
சௌடேஸ்வரி ஒரு நாள் பேசவில்லை;
அந்தப் படம் அவள் எடுத்தது.

உத்தரவு சித்திரையில் வந்தது. மூன்று வருஷம்.
உரிம எண்ணைப் பலகையின் அடியில் எழுத வேண்டும்,
தரையிலிருந்து படிக்கும்படி.
அது போன் நம்பரைவிடப் பெரிசாக விழுந்துவிட்டது.
ஒருவர் அந்த எண்ணுக்கே
போன் போட்டுப் பார்த்தாராம்.

ஆடி நாலாம் நாள் ராத்திரி
மாடித் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் எழுந்து
ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மணி இரண்டு.
பலகைக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பைக்.
தேவசகாயம், லுங்கியும் ஸ்வெட்டருமாக
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு பிளாஸ்டிக் கூடை ரோட்டில் தனியாக ஓடியது.
இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்தேன்.
உளுந்து ஆடும்போது டிரம்முக்கு வெளியே
ஒரு நடுக்கம் வருமே, அதேதான்.
கூடவுமில்லை.

இன்னும் ரெண்டு ஆடி இருக்குதுங்க என்றார்.