பதினோராம் பிரிவு

இருபத்துமூன்று வயதில்
அதை நான் வாசிக்கவில்லை.
கொள்ளுப்பிட்டியில் ஏசி அறை, கண்ணாடி மேசை,
நெவிலுக்கு இரவு ரயிலைப் பிடிக்கிற அவசரம்.
கையெழுத்து வைத்த பேனையையும்
அவர்களே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது மனப்பாடம்:
பிரபஞ்சம் எங்கும்,
அறிந்ததும் இனி அறியப்படப்போவதுமான
சகல வடிவங்களிலும்,
முடிவில்லாக் காலத்துக்கு.

பிரபஞ்சம் என்றால் உட்துறைமுக வீதியும்தான்.
பஸ் நிலையத்தில்
வடை சுற்றிய கடதாசி தின்னும் மான்களும்தான்.

மூன்று நிமிடம் பத்து விநாடி.
அதற்குமேல் ஒரு பாட்டு நீண்டால் எனக்கு வெட்கம்.
இரண்டு கிற்றார், மூன்று குரல், கைதட்டல்,
பல்லவி வரும்போது கூரை கழன்று போகவேண்டும்.
பவர் பொப் என்றேன்.
சோடாவோ என்று கேட்டார் மாமா.
பாலையூற்றில் நெவில் வீட்டுக் கராஜில்
முட்டை மட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி
அப்படிப் பத்துப் பாட்டுச் செய்தோம்.
மூதூரிலிருந்து பர்ஸான்
ஸ்னேர் ட்ரம்மை உரப்பையில் சுற்றிப் படகில் வருவான்.
கடைசிப் படகு போய்விட்டால்
அதன்மேலேயே தலை வைத்துப் படுப்பான்.

"கதைக்கிறன் எண்டு பாடாதேங்கோ தங்கச்சி,
பேசுறேன் எண்டு பாடுங்கோ.
அங்காலயும் விக்க வேணுமெல்லோ."
அப்படியேதான் சொன்னார் அருமைத்துரை,
எண்டு, எண்டு என்று.
ஒருமுறை பாடிப் பார்த்தேன்.
அந்தப் பதிவில் என் குரல்
வாடகைச் சேலை உடுத்துக்கொண்டு நிற்கிறது.

பிறகு அந்தக் கொம்பனியை
இன்னொரு கொம்பனி விழுங்கியது.
விழுங்கிய வயிற்றில்
பத்துப் பாட்டும் செரிக்காமல் கிடந்தன.
சந்தை இன்னும் தயாரில்லை என்று கடிதம்.
சந்தைக்குப் போய்ப் பார்த்தேன்.
அறக்குளா வெட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஒரே சனம்.
தயாராகத்தான் இருந்தது.

உரிமைத்தொகைக் கணக்கும் ஒன்று வந்தது.
கழித்தல் குறியோடு நாலு லட்சத்துச் சொச்சம்.
வீடியோ எடுக்க வந்தவர்களின் ட்ரோன்
டச்சுக் குடாவில் விழுந்ததே,
அதுவும் என் தலையில்.
இப்போதும் அதன்மேல் மீன்கள் நீந்தும்.
என் ஒரே சொத்து.

பதினைந்து வருசம்.
நெவில் மெல்பேர்னில் குளிரூட்டி திருத்துகிறான்.
பர்ஸானுக்கு ஹாட்வெயார் கடை.
நான் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில்
மற்றவர்களின் பாட்டைப் பாடுகிறேன்,
மற்றவர்கள் சாப்பிடும்போது.

நேற்று உவர்மலை ஏற ஆட்டோ பிடித்தேன்.
றைவர் பெடியன் ஸ்பீக்கரைத் தட்டினான்.
முதல் கிற்றார்.
அரைச் சுருதி கூடி,
எத்தனையோ கையால் களவாகப் பிரதியாகி,
தகரம் போல ஆகி,
என்ர பாட்டு.

"இது ஆர் பாடினது தெரியுமே அக்கா?
திருக்கோணமலைப் பிள்ளைதானாம்.
செத்துப்போச்சாம்."

பாவம் என்றேன்.

இரண்டாம் பல்லவிக்கு
நாங்கள் ஒரு மூன்றாம் குரல் யோசித்திருந்தோம்.
ஸ்டூடியோவுக்குக் காசு முடிந்ததால்
எங்கும் பதிவாகாத குரல்.
மலை ஏறுகையில் அதைப் போட்டேன், மெல்ல,
எஞ்சின் சத்தத்துக்குக் கீழே.
பதினோராம் பிரிவில் அது இல்லை.
தேடிவிட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
"அக்காக்கும் பாட வருமோ?"
"கொஞ்சம்."

இறங்கும்போது ஐந்நூறு கேட்டான்.
பேரம் பேசினேன்.
முந்நூற்றைம்பதுக்கு வந்தான்.