குடிபுகுந்தவை

கோரிமேட்டில், மூன்றாவது மாடி.
முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
பெலவேந்திரனின் மார்பு
ஆறு குழித் தட்டொன்றில் கிடக்கிறது.

வெல்டிங் பொறி தெறித்த புண்.
கடுகளவுதான் என்றார்.
ஆறியது. ஆறி முடித்தபின்னும் நிற்கவில்லை.
ஏழு வருடத்தில் ஒரு பலாச்சுளை.
"சட்டை உரசினா எரியுதும்மா,
பொத்தான் போட்டே ரெண்டு வருஷமாச்சு"
என்று சிரித்தபடி
படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அறுத்தெடுத்ததில் கொஞ்சம் எனக்கு.

முதலில் அதிலிருந்து அவரைக் கழுவினேன்.
சோப்புதான்; பெயர் மட்டும் நீளம்.
இரண்டு நாள் ஆட்டிக்கொண்டே இருந்தால்
செல்லெல்லாம் கரைந்து போய்விடும்.
மிச்சம் ஒரு வெள்ளை வலை,
முறுக்கின கொலாஜன் புரிகள்,
ஆளில்லாத வீடு.

அதில் புதிதாகக் குடிவைத்தேன்.
யாரோ ஒரு பையன்,
சுன்னத்து முடிந்து குப்பைக்குப் போகவிருந்த தோல்,
அதில் பெருக்கிய செல்கள்.
வடு என்றால் என்னவென்றே தெரியாதவை.
மெத்தென்ற ஜெல்லில் விட்டால்
கைகால் மடக்கிச் சும்மா கிடப்பவை.

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்க்கிறேன்:
கால் பரப்பி நிற்கின்றன.
உடம்புக்குள் கயிறு கயிறாய்ப் புடைக்க
பெலவேந்திரனின் செல்கள் செய்த அதே வேலை,
தரையைப் பற்றி இழுக்கின்றன.

சொன்னது யார்?
சொல்லக்கூடிய எல்லோரையும்தான் கழுவிவிட்டேனே.

எல்லோரையும் இல்லை.
வலையின் முடிச்சுகளுக்குள்
சைட்டோகைன் கட்டிப்போட்டிருக்கிறது,
வாய் பொத்தப்பட்ட சேதி.
செல் இழுத்தால் முடிச்சு அவிழும்.
அவிழ்ந்து வந்த சேதிக்குத் தெரிந்தது ஒரே சொல்:
இழு.
இழுக்க இழுக்க வலை விறைக்கும்.
விறைத்த வலையில்
அடுத்த முடிச்சு இன்னும் சுலபம்.

அதே சேதியைச் சொட்டு சொட்டாய் அளந்து
மெத்தென்ற ஜெல்லிலும் விட்டுப் பார்த்தேன்.
காதில் விழுந்த மாதிரி லேசாக அசைந்து
மறுபடி படுத்துக்கொண்டன.

எட்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன்.
ராஜீவ் காந்தி சிக்னலில் நிற்கும்போதும்
விரலில் கையுறைப் பவுடர்.

முத்தியால்பேட்டை வீட்டுக்கு நாங்கள் வந்து எட்டு மாதம்.
முன்பு இருந்தவர்கள் யாரென்று தெரியாது.
சமையலறைச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு பள்ளம்.
படுக்கையறைக் கதவில், உட்பக்கம், இரண்டு தாழ்ப்பாள்.
ஐப்பசி மழையில் ஊறின பலகை,
அறைந்தால்தான் சாத்தும்.
அறைந்தால் கோபம் மாதிரிக் கேட்கும்.
கேட்ட பரிதி
டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைப்பான்.
டம்ளர் சத்தம் ஹாலில் எதிரொலிக்கும்,
எனக்குக் குரல் உயரும்,
உயர்ந்த குரலோடு எழுந்துபோய்
கதவைச் சாத்துவேன்.

"வரும்போது நீங்க இப்படியில்லையே" என்றாள்
மாடிவீட்டு ஜெர்மேன்,
துணி எடுக்க வந்தவள், மழைக்கு முன்னால்.
"அவங்களும்தான்.
வந்த புதுசுல ரெண்டு பேரும்
சத்தமே தெரியாது."

வெள்ளிக்கிழமை பெலவேந்திரன் ஃபோன்.
ஓரத்தில் அரிக்கிறதாம்.
டாக்டரைப் பாருங்கள் என்றேன்,
நான் டாக்டர் இல்லை என்றேன்,
வேறு எதுவோ சொல்ல வந்து
அரிக்காதீர்கள், தொடாதீர்கள் என்றேன்.
சேதியைத் தடுக்கும் மருந்தை விட்டதில்
ஆறு குழியில் இரண்டு தளர்ந்திருந்தன.
அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிறு, மழை விட்டிருந்தது.
தச்சரிடம் இழைப்புளி இரவல் வாங்கி வந்து
கதவின் அடியைச் சீவினேன்.
சுருள் சுருளாய் ஈர மரம்.
ஒரு விரலால் தள்ளினேன்,
பூனை போலப் போய்ச் சாத்திக்கொண்டது.

ஹாலிலிருந்து பரிதி எழுந்து வந்தான்.
"என்ன கோபம் இப்போ?"
என்றான்.
"சத்தமே இல்லாம சாத்துற."